பாங்காக்ல குடித்தனம்: புதுசா வர்றவங்க கேக்குற கேள்விகளும் என் பதில்களும்

வீட்டுக்காரருக்கு இங்க வேலை கிடைச்சு நாங்க பாங்காக் வந்து ஒம்பது வருஷம் ஆகுது. புதுசா எந்த தமிழ் குடும்பம் வந்தாலும் சுத்தி சுத்தி இதே கேள்விங்கதான், ஒவ்வொருத்தருக்கா வாய்ஸ் மெசேஜ் போட்டு போட்டு தொண்டை கட்டிப்போச்சு, அதான் மொத்தமா எழுதிட்டேன். நாலு நாள் சுத்திப் பாக்க வர்றவங்களுக்கு இதுல ஒண்ணும் இல்ல. வாடகையும் கரண்ட் பில்லும் கட்டிட்டு இங்கயே கிடக்கப் போறவங்களுக்குத்தான்.

வெயில் எப்படி? நாம பாக்காத வெயிலா?

நானும் இப்படி சொல்லிட்டுத்தான் வந்தேன். ஏப்ரல்ல 36, 37 டிகிரி, சில நாள் 40 கிட்ட போகும், நம்பரா பாத்தா நமக்கு பெருசா தெரியாது. ஆனா ராத்திரி ஆனாலும் சூடு இறங்காது, புழுக்கம் அப்படியே நிக்கும், மொட்டை மாடி காத்துன்னு ஒண்ணு கிடையாது, ஏன்னா நீங்க 14வது மாடியில கண்ணாடி ஜன்னலுக்குள்ள இருப்பீங்க. அதைவிட பெரிய தொல்லை குளிர். ஆமா, குளிர்தான். ட்ரெயின்ல, மால்ல, ஆபீஸ்ல, தியேட்டர்ல ஏசிய அப்படி வச்சிருப்பாங்க, வேர்த்து ஊத்திட்டு உள்ள போனா அஞ்சு நிமிஷத்துல முதுகு ஜில்லுன்னு ஆயிடும், திரும்ப வெளிய வந்தா மூக்குக்கண்ணாடி ஆவி படிஞ்சு ஒண்ணும் தெரியாது. வந்த முதல் மூணு மாசம் வெயிலால எனக்கு ஒண்ணும் ஆகல, ஏசியாலதான் சளி பிடிச்சுட்டே இருந்துச்சு. பையில ஒரு மெல்லிசு ஷால் எப்பவும் இருக்கட்டும்.

இங்க இருக்கறவங்க வெயிலுக்கு என்ன பண்றாங்கன்னு பாத்து அதையே பண்ணுங்க. சிக்னல்ல பைக்காரங்க கோட்டுக்கு இருபது முப்பது அடி முன்னாடியே நிப்பாங்க, எதுக்குன்னு பாத்தா அங்கதான் மேம்பாலத்து நிழல் விழுது. நிழல் இருக்குன்னா ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நடப்பாங்க. நாமதான் நேர் வழி கிட்டன்னு வெயில்ல போய் மாட்டுறோம்.

மே பாதியில மழை ஆரம்பிச்சா அக்டோபர் வரைக்கும். சாயங்காலம் ஒரு மணி நேரம் கொட்டும், தெருவுல முழங்கால் தண்ணி நிக்கும், அப்புறம் வடிஞ்சிடும். நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் "குளிர் காலம்", 20 டிகிரி கிட்ட வந்துட்டா ஆபீஸ் பொண்ணுங்க எல்லாம் ஸ்வெட்டர்ல வருவாங்க, நமக்கு அது மார்கழி காலை அவ்வளவுதான்.

அந்த குளிர் காலத்துலதான் காத்து மோசமாமே?

ஆமா. டிசம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் வண்டிப் புகை, சுத்துவட்டாரத்துல வயல்ல கரும்புத் தோகை, வைக்கோல் எல்லாம் கொளுத்துற புகை, காத்தும் அசையாம நிக்கறதால பிஎம் 2.5, அதாவது கண்ணுக்குத் தெரியாத பொடித் தூசு, ஏறிடும். பத்தாவது மாடியில இருந்து பாத்தா எதிர் கட்டடம் மங்கலா தெரியும், பனின்னு நினைச்சு குழந்தைய பார்க்குக்கு கூட்டிட்டுப் போகாதீங்க, நான் போனேன். போன்ல ஒரு ஆப் வச்சு காலையில பாத்துக்கோங்க, என்95 மாஸ்க், படுக்கற ரூமுக்கு ஒரு ஏர் ப்யூரிஃபையர். இதுல காசு பாக்காதீங்க.

வீடு எந்த ஏரியாவுல பாக்கலாம்?

ஏரியா பேர விடுங்க, ஸ்டேஷன்ல இருந்து எத்தனை நிமிஷம் நடக்கணும்னு பாருங்க. ஏழெட்டு நிமிஷத்துக்கு மேல இருந்தா வேண்டாம், ஏப்ரல் மத்தியானத்துலயும் செப்டம்பர் மழையிலயும் என்னை நினைச்சுப்பீங்க. ஊர் நடுவுல அசோக்னு ஒரு ஸ்டேஷன், அந்தப் பக்கம் வாடகை தாங்காது, அதே லைன்ல இன்னும் நாலஞ்சு ஸ்டேஷன் தள்ளி ஆன் நுட் தாண்டிப் போனா நிறைய குறையும்.

தெரு நம்பர்ல ஒரு சூட்சுமம் இருக்கு. மெயின் ரோட்டுல இருந்து பிரியற தெருவுக்கு சோய்னு பேரு, ஒத்தப்படை எல்லாம் ஒரு பக்கம், ரெட்டைப்படை எல்லாம் எதிர்ப்பக்கம். ஆனா ரெண்டும் ஒரே வேகத்துல ஏறாது. சுகும்வித் ரோட்டுல சோய் 55க்கு எதிர்ல இருக்கறது சோய் 38! 54ல வீடு பாக்கப் போறோம், 55க்கு எதிர்லதான் இருக்கும்னு இறங்கிட்டு நாங்க நடந்த நடை இருக்கே, அன்னிக்கு வீட்டுக்காரர் என்கிட்ட பேசவே இல்ல.

சாதாரணமா ரெண்டு மாச வாடகை டெபாசிட், ஒரு மாசம் முன்வாடகை, ஒரு வருஷ அக்ரிமெண்ட். பத்து மாச அட்வான்ஸ் பாத்து வந்த நமக்கு இது சந்தோஷமாத்தான் இருக்கும், ஆனா காலி பண்ணும்போது கதை வேற. எங்க முதல் வீட்டு ஓனர் திரைச்சீலையில மசாலா வாசனை வருதுன்னு சொல்லி பாதி டெபாசிட்ட பிடிச்சுக்கிட்டாரு. அதனால சாவி வாங்கின அன்னிக்கே சுவத்து கீறல், சோபா கறை, பாத்ரூம் விரிசல் எல்லாத்தையும் வீடியோ எடுத்து அன்னிக்கே ஓனருக்கு அனுப்பிடுங்க.

கையெழுத்து போடறதுக்கு முன்னாடி இன்னொண்ணு கேக்கணும், கரண்ட் பில் நேரா மின்சார வாரியத்துல இருந்து வருதா இல்ல பில்டிங் காரங்க போடுறாங்களான்னு. வாரியத்து ரேட் யூனிட்டுக்கு 4 பாட் (பாட்ங்கறது இந்த ஊர் காசு) சுமாருக்கு வரும், சில அபார்ட்மெண்ட்ல 7, 8 பாட் போடுவாங்க. ஏசி ஓடற ஊர்ல அது எங்க கொண்டு போய் விடும்னு நீங்களே கணக்கு போட்டுக்கோங்க. நாங்க 26ல வச்சு கூட ஒரு ஃபேனும் போட்டுக்குவோம். ஏசிய வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது கழுவ விடுங்க, பூஞ்சை பிடிச்ச ஏசி காத்துதான் பாதி இருமலுக்கு காரணம்.

சமையலறை எப்படி இருக்கும்?

காண்டோல, அதாவது இங்கத்த அடுக்குமாடி வீட்டுல, சமையலறைன்னு ஒண்ணு இருக்காது, ஹால்ல ஒரு ஓரம் இருக்கும். தாய்லாந்துக்காரங்க நிறைய பேர் வெளியதான் வாங்கி சாப்பிடறாங்க, அதனால கட்டறவங்களும் பேருக்கு ஒரு மின் அடுப்பும் ஒரு சிங்க்கும் வச்சு முடிச்சுடுவாங்க. பெரிய பில்டிங்ல கேஸ் சிலிண்டர் பெரும்பாலும் விடமாட்டாங்க. நான் முதல் வாரமே காஞ்ச மிளகாய் தாளிச்சு புகை அலாரம் அடிச்சு, செக்யூரிட்டி தீயணைப்பானோட ஓடி வந்து வாசல்ல நின்னு தும்முதும்முன்னு தும்மினான் பாவம். இண்டக்ஷனுக்கு ஆகற அடி இருக்கற குக்கரா பாத்து எடுத்துட்டு வாங்க, அலுமினிய குக்கர் இங்க வெறும் பாரம்.

நம்ம மளிகை சாமான் கிடைக்குமா?

கிடைக்கும், பஹுரத்ங்கற இந்தியர் ஏரியாவுல இட்லி அரிசி, உளுந்து, புளி, பெருங்காயம், கறிவேப்பிலை எல்லாம் வாங்கலாம். ஆனா அதுக்கு முன்னாடி உங்க வீட்டுப் பக்கத்து காலைச் சந்தைக்கு ஒரு தடவை போங்க. வாழைப்பூ, முருங்கைக்காய், பலாக்காய், வாழை இலை, துருவின தேங்கா, கண்ணெதிர்ல பிழிஞ்சு தர்ற தேங்காப் பால் எல்லாம் இருக்கும். மாவு புளிக்கறதுக்கு இந்த ஊர அடிச்சுக்க முடியாது, ஏப்ரல்ல நாலஞ்சு மணி நேரத்துல பாத்திரத்த விட்டு வெளிய வந்துடும்.

ஜாஸ்மின் அரிசி குழைவா, லேசா ஒட்டற மாதிரி வரும், ரசத்துக்கு ஒத்துவராதுன்னு முதல்ல ஒதுக்கினேன். இப்ப தயிர் சாதத்துக்கு அதைத்தான் வைக்கிறேன்.

சைவம் சாப்பிடறவங்க வெளிய என்ன பண்றது?

இதுல நல்லா ஏமாறுவோம். தட்டுல பாத்தா வெறும் கீரை, காளான், சோறு. ஆனா உப்புக்கு பதில் மீன் சாறு, அதுக்கு மேல சிப்பி சாஸ். "கறி வேண்டாம்"னு சொன்னா கறித்துண்ட மட்டும் எடுத்துட்டு அதே குழம்ப ஊத்துவாங்க, அவங்களுக்கு அது தப்பே இல்ல, கறிதான் எடுத்தாச்சே. "மய் ஸை நாம்ப்லா", மீன் சாறு போடாதீங்க, இத மனப்பாடம் பண்ணிக்கோங்க.

இன்னும் நல்ல வழி "ஜே" கடை. மஞ்சக் கொடியில சிவப்பு எழுத்து, பாக்கறதுக்கு நம்பர் 17 மாதிரி இருக்கும், அதுதான் அடையாளம். ஜேன்னா கறி மீன் முட்டை பால் எதுவும் இல்ல, பூண்டு வெங்காயம் கூட இல்ல, நம்ம விரதச் சாப்பாடு மாதிரி. செப்டம்பர் அக்டோபர் வாக்குல ஒம்பது நாள் ஜே திருவிழா வரும், அப்ப ஊர் முழுக்க மஞ்சக் கொடிதான்.

துளசி விஷயம் சொல்லியே ஆகணும். இங்க தெருவுக்குத் தெரு விக்கற பத் கப்ராவ்ங்கற வறுவல்ல இருக்கற கப்ராவ் வேற எதுவும் இல்ல, நம்ம துளசியேதான், பன்னியோ கோழியோ போட்டு மிளகாயோட வதக்குறாங்க. முதல் தடவை அந்த வாசனை வந்தப்ப நான் கோயில் தேடினேன். என் மாமியார் வந்தப்ப சந்தையில கட்டு கட்டா துளசி கிடக்கறத பாத்து கைய எடுத்து கும்பிட்டாங்க, அது எதுக்குன்னு இன்னிவரைக்கும் நாங்க அவங்களுக்கு சொல்லல.

மல்லிப்பூவும் அப்படித்தான். சிக்னல்ல சின்ன சின்ன மாலையா விப்பாங்க, ஆசையா வாங்கி தலையில வச்சேன், ட்ரெயின்ல எல்லாரும் திரும்பித் திரும்பி பாத்தாங்க. அது புத்தருக்கும் வீட்டு வாசல் தேவதைக்கும் சாத்தறது. நான் இப்பவும் வெள்ளிக்கிழமை வச்சுக்கறேன், பாத்தா பாக்கட்டும்.

விசா பேப்பர் வேலை என்னென்ன?

ஆபீஸ்ல பாத்துப்பாங்கன்னு விட்டுடாதீங்க, முழுசா பாத்துக்க மாட்டாங்க. முதல்ல டிஎம் 30, வெளிநாட்டுக்காரர் என் வீட்டுல தங்குறாருன்னு ஓனர் 24 மணி நேரத்துக்குள்ள இமிக்ரேஷனுக்கு சொல்லணும். கடமை ஓனருக்கு, ஆனா அவர் பண்ணலைன்னா விசா நீட்டிக்கப் போறப்ப கவுண்டர்ல நிக்கறது நீங்கதான். அடுத்தது 90 நாள் ரிப்போர்ட், தொடர்ந்து 90 நாள் நாட்டுக்குள்ள இருந்தா "நான் இன்ன விலாசத்துல இருக்கேன்"னு தெரிவிக்கணும். 15 நாள் முன்னாடி இருந்து 7 நாள் பின்னாடி வரைக்கும் டைம், தாண்டினா 2,000 பாட் அபராதம். நடுவுல ஊருக்குப் போய் வந்தா எண்ணிக்கை முதல்ல இருந்து ஆரம்பிக்கும்.

ஊருக்குப் போறதுன்னதும் மறக்கக் கூடாதது ரீ என்ட்ரி பெர்மிட், அதே விசாவுல திரும்ப உள்ள வர்றதுக்கான அனுமதி. ஒரு தடவைக்கு 1,000 பாட், எத்தனை தடவை வேணாலும்னா 3,800. இது இல்லாம வெளிய போனா உங்க வருஷ விசா அங்கயே செத்துடும். வீட்டுல ஒருத்தருக்கு உடம்பு சரியில்லன்னு போன் வந்தா ராத்திரியோட ராத்திரியா ஓடுவோம், அப்ப இதெல்லாம் ஞாபகம் வராது, அதனால முதல்லயே 3,800 கட்டி வாங்கி வச்சிருங்க.

பேர்ல இனிஷியல் மட்டும் இருந்தா பிரச்சனையா?

பிரச்சனைதான், தமிழ் ஆளுங்களுக்குன்னே செஞ்ச பிரச்சனை. எங்க வீட்டுக்காரர் பாஸ்போர்ட்ல சர்நேம் கட்டம் காலி. இங்க குடும்பப் பேர் இல்லாம எந்த ஃபாரமும் நகராது. ஒரு இடத்துல கோடு போட்டாங்க, ஒரு இடத்துல அவர் பேரையே ரெண்டு தடவை எழுதினாங்க, பேங்க்ல மாமனார் பேர சேத்தாங்க. மூணு ஆவணத்துல மூணு ஆளு. அப்புறம் சிம் கார்டு பேரும் பேங்க் கணக்குப் பேரும் ஒத்துப்போகணும்னு வந்தப்ப எங்க அக்கவுண்ட் ஆப் நின்னு போய் மூணு வாரம் அலைஞ்சோம். பேங்க் ஆப் இல்லன்னா இளநிக்காரர்ட்ட கூட க்யூஆர்ல காசு கொடுக்க முடியாது. ஊர்லயே பாஸ்போர்ட்ட சரி பண்ணிட்டு வாங்க.

கூட வர்ற மனைவி வேலைக்குப் போலாமா?

கூட வர்ற விசாவுல முடியாது. தனியா ஒரு கம்பெனி வேலைக்கு எடுத்து, மனைவி பேர்ல வொர்க் பெர்மிட் வாங்கித் தந்தாத்தான். நான் நாலு வருஷம் வீட்டுல இருந்தேன், பேங்க்ல பத்து வருஷம் வேலை பாத்தவ. வீட்டுக்காரர் போனதுக்கப்புறம் அந்த 14வது மாடியில ஏசி சத்தம் மட்டும்தான் கேக்கும், பக்கத்து கதவு யாருன்னு தெரியாது, ஊருக்கு போன் பண்ணா "உனக்கென்ன ஃபாரின்ல இருக்க"ன்னுவாங்க. கிளம்பறதுக்கு முன்னாடி இத ரெண்டு பேரும் உக்காந்து பேசிட்டு வாங்க, வீடு, ஸ்கூல் எல்லாத்துக்கும் முன்னாடி பேச வேண்டியது இதுதான். எனக்கு தாய் பாஷை வகுப்புதான் வழி விட்டுச்சு.

பாஷை கஷ்டமா?

காதுக்கு கஷ்டம், மூளைக்கு பழக்கம். வார்த்தைங்க பாதி நம்ம பக்கத்துல இருந்து போனதுதான். நகரம் "நகோன்", ஆகாரம் "ஆஹான்", பாஷை "பாஸா", வேளை "வேலா", டெலிபோன் "தொரசப்", அதாவது தூர சப்தம்! ஏர்போர்ட் பேரே சுவர்ணபூமி. ஆனா எல்லாத்தையும் வாய்க்குள்ள மென்னு கடைசி எழுத்த மாத்திடுவாங்க, கடைசியில ல் வந்தா ன் ஆயிடும். செந்தில் இங்க செந்தின். ஹோட்டல்ல பில் கேக்கணும்னா "செக் பின்".

இழுத்துப் பேசற விதத்துல அஞ்சு ஸ்வரம் இருக்கு, அதுதான் கொல்லும். "க்லை"ன்னா தூரம், அதையே மேல இருந்து கீழ இறக்கிச் சொன்னா பக்கம். பக்கத்துலதான்னு நான் டாக்ஸிக்காரர்ட்ட சொன்னது ரொம்ப தூரம்னு கேட்டு அவர் வரமாட்டேன்னுட்டாரு.

மணியும் வேற கணக்கு. சாயங்காலம் ஏழுல இருந்து திரும்ப ஒண்ணு ரெண்டுன்னு எண்ணுவாங்க, ஸோங்னா ரெண்டு, "ஸோங் தும்"னா அந்த ராத்திரிக் கணக்குல ரெண்டு, அதாவது ராத்திரி எட்டு. ஏசி மெக்கானிக் ஸோங்னு சொன்னத மட்டும் பிடிச்சுக்கிட்டு மத்தியானம் ரெண்டு மணின்னு லீவு போட்டு உக்காந்திருந்தேன், அவர் ராத்திரி எட்டுக்கு டான்னு வந்தாரு.

எப்படி போய் வர்றது? வண்டி வாங்கணுமா?

வேண்டாம். மேல போற பிடிஎஸ் ட்ரெயின், ஊர் நடுவுல பூமிக்குக் கீழ போற எம்ஆர்டி, ரெண்டும் வேற வேற நிர்வாகம், வேற டிக்கெட்டு. ஸ்டேஷன்ல இருந்து வீட்டுக்கு ஆரஞ்சு சட்டை போட்ட பைக் டாக்ஸி, ஹெல்மெட் கேட்டு வாங்கிப் போடுங்க. ட்ராஃபிக் முத்திப் போன நேரத்துல ஸேன் ஸேப் கால்வாய் படகுதான் வேகம், தண்ணி கருப்பா நாறும், தெறிக்காம இருக்க ஓரத்துல இருக்கற கயித்த இழுத்தா தார்ப்பாய் மேல ஏறும், இழுக்க வேண்டியது ஓரத்துல உக்காந்தவங்க பொறுப்பு. நல்ல புடவையோட ஓரத்துல உக்காராதீங்க.

ஆஸ்பத்திரி, ஸ்கூல்?

தனியார் ஆஸ்பத்திரி ஹோட்டல் மாதிரி இருக்கும், பில்லும் அப்படியேதான், இன்ஷூரன்ஸ் இல்லாம குடும்பத்தோட வராதீங்க. டெங்கு இங்கயும் உண்டு. ஆம்புலன்ஸ் 1669, போலீஸ் 191. ஸ்கூல் பத்தி ஒண்ணுதான், வேலை ஒத்துக்கறதுக்கு முன்னாடி கம்பெனி ஸ்கூல் ஃபீஸ் தருதான்னு கேளுங்க, தரலைன்னா சம்பளத்த திரும்ப கணக்கு போடுங்க.

கோயில் இருக்கா?

சீலோம் ரோட்டுல மாரியம்மன் கோயில், 19ஆம் நூற்றாண்டுல இங்க வந்த நம்ம ஆளுங்க கட்டினது, கோபுரத்தோட இருக்கும். டாக்ஸியில மாரியம்மன்னா தெரியாது, "வாட் கேக்"னு சொல்லணும். கேக்னா விருந்தாளி, நம்மள எல்லாம் அப்படித்தான் சொல்றாங்க, ஒம்பது வருஷம் ஆனாலும் விருந்தாளி. உள்ள போனா தமிழ் ஆளுங்களவிட தாய் ஆளுங்கதான் கூட்டம், பிள்ளையாருக்கு ஆபீஸ் பொண்ணுங்க இளநியும் மஞ்சப் பூவும் வச்சுட்டு கண்ண மூடி நிக்கும். நவராத்திரி முடிவுல அம்மன் புறப்பாட்டுக்கு சீலோம் ரோட்டையே மூடிடுவாங்க, கடைக்காரங்க வாசல்ல கோலமும் பூவும் வச்சு காத்திருப்பாங்க. அன்னிக்கு மட்டும் நான் ஊர நினைச்சு அழறதில்ல.

பெரிய ஊஞ்சல்னு செவப்பு மரத்தூண் ரெண்டு நிக்குமே, டூரிஸ்ட் எல்லாம் போட்டோ எடுத்துட்டுப் போயிடுவாங்க. அது எதுக்குன்னா அரண்மனை பிராமணர்கள் நடத்துற விழாவுக்கு, விழா பேரு த்ரியம்பவாய் த்ரிபவாய். மெதுவா சொல்லிப் பாருங்க, திருவெம்பாவை, திருப்பாவை. ஊஞ்சல் ஆடறது 1935க்கு அப்புறம் நின்னு போச்சு, பக்கத்துல அந்த பிராமணர்களோட கோயில், தேவஸ்தான்னு பேரு, அங்க பூசை இன்னும் நடக்குது.

புது வருஷமும் ஒண்ணாத்தான் வரும், சோங்க்ரான் ஏப்ரல் 13ல இருந்து 15. பாயசம் வச்சுட்டு கோயிலுக்கு பட்டுப்புடவையில கிளம்பினா தெரு முனையிலயே தொப்பறையா நனைச்சு விட்டுடுவாங்க.

செய்யக் கூடாதது என்ன?

ராஜ குடும்பத்த பத்தி பேச்சே வேண்டாம், வாட்ஸாப்ல கூட, 112ஆம் பிரிவுல ஒவ்வொரு குத்தத்துக்கும் 3ல இருந்து 15 வருஷம் ஜெயில். காலை எட்டுக்கும் சாயங்காலம் ஆறுக்கும் ஸ்டேஷன்ல, பார்க்ல தேசிய கீதம் போட்டா நின்னுடுங்க. வேப், அதாவது எலக்ட்ரானிக் சிகரெட், சட்டவிரோதம், மச்சான் கேட்டாருன்னு பையில எடுத்துட்டு வராதீங்க. பக்கத்து வீட்டு குழந்தை அழகா இருக்குன்னு தலைய தடவாதீங்க.

முக்கியமா சத்தம். நாம சாதாரணமா பேசறதே இங்க சண்டை மாதிரி கேக்கும். மால் நடுவுல நின்னு ஊருக்கு வீடியோ கால் பேசறத விட்டுடுங்க. கவுண்டர்ல குரல் ஒசந்துச்சுன்னா அந்தம்மா சிரிச்சுட்டே இருக்கும், ஆனா உங்க ஃபைல் அன்னிக்கு நகராது. நான் சொல்றது அனுபவத்துல.

பால் பாக்கெட்ல எக்ஸ்பைரி 68னு போட்டிருக்கே?

புத்த வருஷம், நம்மதுல 543 கூட்டிக்கணும். 2025ங்கறது 2568. நான் ஒரு வாரம் பாலே வாங்கல, 1968லயோன்னு பயந்து.

தாய் ஃப்ரெண்ட் மெசேஜ்ல 555னு அனுப்புறாங்க, ஏதாவது கோட் நம்பரா?

அஞ்சுக்கு அவங்க பாஷையில "ஹா". ஹாஹாஹா.